வினைமுற்று

மஞ்சூரிலிருந்து கெத்தைக்கு இறங்கும் சாலையில்
மலை ஒரு வளைவைத் தின்றிருந்தது.
இரவு ஒன்று நாற்பது.
செல்போன் கோபுரங்கள் ஒவ்வொன்றாகக் கண்மூடிவிட்டன.
குன்னூர் தீயணைப்பு நிலையக் கட்டுப்பாட்டறையில்
நான், ஒரு வயர்லெஸ் பெட்டி,
ஆறிப்போன வரக்காப்பி,
தகரக் கூரையில் மழை.

எதிர்முனையில் போஜன், மீட்பு வண்டி ஓட்டுபவன்.
"ஏழாம் நம்பர் லயத்துல
மூணு பேரு உசுரோட"

அவ்வளவுதான். பிறகு இரைச்சல்.

உசுரோட இருக்காங்களா,
உசுரோட இல்லையா?

தமிழில் எதுவும் கடைசியில்தான் தெரியும்.
யார், எங்கே, எத்தனை பேர் எல்லாம்
முன்பே வந்து பந்தியில் உட்கார்ந்துவிடும்.
வினைமுற்று மட்டும் தாய்மாமனைப் போல
நேரம் கழித்து வரும்.
அவர் வந்த பிறகே
கல்யாணமா சண்டையா என்று சொல்ல முடியும்.
எழுவாய்க்கும் பயனிலைக்கும்
அடிக்கோடு போடச் சொன்ன ஆறாம் வகுப்பில்
பயனிலைக்கு பேட்டரி வேண்டும் என்று
யாரும் சொல்லவில்லை.

முகட்டுக் கொட்டகையில் இருக்கிறது ரிப்பீட்டர்.
பள்ளத்தில் பேசுவதை வாங்கி
மறுசரிவுக்கு எறிகிற பெட்டி.
அதன் பேட்டரி உப்பிவிட்டது என்று
மூன்று முறை எழுதியிருந்தேன்.
"பரிசீலனையில் உள்ளது" என்று பதில் வந்தது.
அந்த வாக்கியத்தில் வினைமுற்று இருந்தது.
பேட்டரிதான் இல்லை.

மஞ்சூர் வரைக்கும் மின்வாரியத்தின் பழைய கம்பித் தொலைபேசி
எப்படியோ உயிரோடு இருந்தது.
அதில் வந்தது அடுத்த செய்தி:
எடக்காட்டில் ஒரு வீட்டின் மேல் கற்பூரமரம்,
உள்ளே சத்தம் கேட்கிறது.
கேட்கிறது. முழு வாக்கியம்.
மஞ்சூரில் நிற்பதோ ஒரே ஜேசிபி.

கெத்தை, கெத்தை, குன்னூர் பேசுறேன்,
திரும்பச் சொல்லுங்க, ஓவர்.
கெத்தை, கெத்தை.
பொத்தானை அழுத்திய கட்டைவிரல்
வெளுத்துப்போய் என்னுடையது மாதிரியே இல்லை.

ஒன்று ஐம்பத்திரண்டுக்கு
ஜேசிபியைக் கெத்தைக்கு அனுப்பினேன்.
தெரிந்து அனுப்பவில்லை.
போஜன் "உசுரோட" என்று சொன்ன குரலில்
அவசரம் இருந்தது, துக்கம் இல்லை என்று
எனக்குத் தோன்றியது.
பதிவேட்டில் அதற்கு ஒரு கட்டம் கிடையாது.

அதே நேரத்தில்
கூடலூர்க்காரர் உம்மர், வயர்லெஸ் மெக்கானிக்,
தன் ஜீப்பின் பேட்டரியைக் கழற்றித்
தோளில் வைத்துக்கொண்டு
முகட்டில் ஏறிக்கொண்டிருந்தார்.
யாரும் அவரை அனுப்பவில்லை.
பெட்டி மூச்சுத் திணறுவதைத்
தன் கைக்கருவியில் கேட்டாராம்.
அட்டை கடித்த கால்களைப் பிறகு காட்டினார்,
பெருமையாக அல்ல, மருந்து கேட்டு.

இரண்டு இருபதுக்குப் பெட்டி கரகரத்தது.
"இருக்காங்க" என்றான் போஜன்.
"இருக்காங்க, இருக்காங்க, மூணு பேரு."
அரைமணி நேரமாக
அதையே சொல்லிக்கொண்டிருந்திருக்கிறான்,
கேட்க ஆளில்லாமல்.

அவர்களில் ஒருவருக்கு
விடியற்காலை ஐந்து மணிக்கு
வினைமுற்று மாறியது.

எடக்காட்டில்
அக்கம்பக்கத்தார் கைரம்பத்தால் அறுத்தார்கள்.
இரண்டரை மணி நேரம்.
அந்தப் பெண்ணுக்கு இடது கால் போயிற்று.
விசாரணையில் அதுபற்றி
யாரும் என்னைக் கேட்கவில்லை.
நான் கேட்டுக்கொள்கிறேன், சில இரவுகளில்.

இப்போது எங்கள் அறைச் சுவரில்
என் கையெழுத்தில் ஒரு தாள்:
வினையை முதலில் சொல்.
புதிதாகச் சேர்ந்தவர்கள் சிரிக்கிறார்கள்,
"வந்துட்டேன் மேடம் நான் டூட்டிக்கு" என்கிறார்கள்.
சிரிக்கட்டும். பழகட்டும்.
வீட்டில் எனக்கும் அப்படியே வருகிறது:
சாப்பிட்டாச்சு, நான்.
தூங்கலை, இன்னும்.

உம்மரின் ஜீப்
ஒன்பது நாளாக முகட்டின் அடிவாரத்தில்
கிளம்பாமல் நிற்கிறது.
நேற்று நான்காம் முறையாக
மேலிடத்துக்கு எழுதினேன்.
ஐயா என்றோ, பொருள் என்றோ,
பார்வை என்றோ தொடங்கவில்லை.
முதல் சொல்:
அனுப்புங்கள்.